பேட்டரி எங்கே உட்காரும்? ஆர்சி விமானத்தைச் சமன்படுத்தவும் சக்தி கொடுக்கவும் ஒரு வழிகாட்டி

ஆர்சி விமானம், அதாவது ரிமோட்டில் ஓட்டும் சின்ன விமானம், செய்யவோ வாங்கவோ கிளம்புகிற புதியவர்கள் முதலில் கேட்பது மோட்டாரைப் பற்றித்தான். எத்தனை கேவி (என்னவென்று பின்னால் சொல்கிறேன்), எவ்வளவு இழுக்கும், எவ்வளவு வேகம் போகும் என்று. நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: இந்த விமானத்தில் பேட்டரி எங்கே உட்காரும்? சாதாரணப் பயிற்சி விமானத்தில் தனித்தனிப் பாகங்களை எடைபோட்டால் இறக்கைக்கு இணையாகவோ அதற்கு அடுத்தோ வருவது பேட்டரிதான். சக்தி கொடுப்பதும் அதுதான், விமானம் எந்த இடத்தில் சமன்படும் என்று தீர்மானிப்பதும் அதுதான். மோட்டாரை ஒரு நாள், பேட்டரியை ஒரு நாள் என்று வாங்கிவிட்டுக் கடைசியில் மூக்கில் ஈயம் ஒட்டுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டையும் சேர்த்துத் திட்டமிட்டால் அந்த ஈயமே தேவைப்படாது.

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, தாராபுரம் பக்கம் இருந்து புதிதாக இதில் இறங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கணக்குகளுக்கு ஒரே விமானத்தை எடுத்துக்கொள்வோம்: மேல்இறக்கைப் பயிற்சி விமானம், ஃபோமில் செய்தது, இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 120 செ.மீ., முன்பின் அகலம் 20 செ.மீ., பேட்டரியோடு மொத்த எடை 900 கிராம். உங்கள் விமானத்தின் அளவுகளை இதே இடங்களில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடையில் தொடங்குங்கள்

சமையலறையில் வைக்கிற டிஜிட்டல் தராசு போதும். ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள்: உடல், இறக்கை, வால், மோட்டார், ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), சர்வோக்கள் (வாலிலும் இறக்கையிலும் உள்ள பலகைகளை அசைக்கும் சின்ன மோட்டார்கள்), ரிசீவர் (கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் சிக்னலை வாங்குவது), பேட்டரி. வாலின் எடையை மட்டும் கறாராகப் பாருங்கள். வால் சமநிலைப் புள்ளியிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கிறது. அங்கே அதிகமாகப் பூசிய பசையும், அழகுக்கு ஒட்டிய டேப்பும் மூக்கில் இரண்டு மூன்று மடங்கு எடையைக் கேட்கும். கணக்கைப் பாருங்கள்: சமநிலைப் புள்ளிக்குப் பின்னால் 55 செ.மீ. தூரத்தில் 10 கிராம் கூடினால், அதை ஈடுகட்ட முன்னால் 20 செ.மீ. தூரத்தில் 27 கிராமுக்கு மேல் வைக்க வேண்டும். வால் சர்வோக்களை வாலிலேயே வைக்காமல் உடலின் நடுவில் வைத்துக் கம்பி மூலம் இழுப்பது இதனால்தான்.

மொத்த எடை தெரிந்ததும் இறக்கைப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். 120க்கு 20 என்றால் 24 சதுர டெசிமீட்டர். 900 கிராமை அதால் வகுத்தால் சதுர டெசிமீட்டருக்கு 37.5 கிராம். இந்த அளவு விமானத்துக்கு 30 முதல் 45 வரை இருந்தால் புதியவர் கைக்கு அடங்கும். அதற்கு மேல் போகப் போக, மெதுவாகப் பறக்க மறுக்கும், தரையிறங்கும்போது வேகமாக வரும்.

சமநிலைப் புள்ளியைக் குறிப்பது

சிஜி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். விமானத்தின் மொத்த எடையும் ஒன்றுசேர்ந்து நிற்கிற இடம். பிளானிலோ கிட்டோடு வந்த தாளிலோ அளவு கொடுத்திருந்தால் அதுவே முதல் வார்த்தை, அதை மாற்ற வேண்டாம். கொடுக்கவில்லை என்றால், வழக்கமான வால் உள்ள விமானத்துக்கு இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 25 முதல் 30 சதவீதத்துக்குள் வைத்துத் தொடங்கலாம். நம் விமானத்தில் அது 5 முதல் 6 செ.மீ. முதல் பறப்புக்கு 5 செ.மீ.யில் வையுங்கள்.

ஏன் முன்பக்கம்? விமானம் காற்றில் ஆடும்போது தானாக நேர்நிலைக்குத் திரும்ப வேண்டும் என்றால், எடை நிற்கிற இடம் இறக்கையும் வாலும் சேர்ந்து தூக்குகிற இடத்துக்கு முன்னால் இருந்தாக வேண்டும். எடை பின்னால் போகப் போக அந்தத் திரும்பும் குணம் குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் எலிவேட்டரை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையை, தொட்டால் மூக்கு தூக்கிக்கொண்டே போகும், நிறுத்த எதிர்ப்பக்கம் தள்ளினால் குப்புறப் பாயும். புதியவர் விரலுக்கு அதைப் பிடிக்க நேரமே இருக்காது. எடை கொஞ்சம் முன்னால் இருந்தால் எலிவேட்டர் மந்தமாக இருக்கும், தரையிறங்கும்போது சற்று வேகம் வேண்டும், அவ்வளவுதான். தவறுவதாக இருந்தால் மூக்குப் பக்கம் தவறுங்கள்.

நேரான இறக்கை என்றால் முன்விளிம்பிலிருந்து ஸ்கேல் வைத்து அளந்தாலே போதும். முனையில் குறுகும் இறக்கை என்றால் சராசரி அகலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பழைய செய்தித்தாளை விரித்து ஒரு பக்க இறக்கையை அச்சு எடுங்கள். உடலோடு ஒட்டும் அடி அகலத்தின் முன்னால் முனை அகலத்தின் நீளத்தைச் சேர்த்துக் கோடு இழுங்கள். முனையில் பின்னால் அடி அகலத்தின் நீளத்தைச் சேர்த்து இழுங்கள். இந்த இரண்டு கோட்டு முனைகளையும் குறுக்காக இணையுங்கள். அடி அகலத்தின் நடுவையும் முனை அகலத்தின் நடுவையும் இன்னொரு கோட்டால் இணையுங்கள். இரண்டும் வெட்டுகிற இடத்தில் இறக்கை எவ்வளவு அகலமோ அதுதான் சராசரி அகலம். அதன் முன்விளிம்பிலிருந்து 25 சதவீதம் எங்கே விழுகிறதோ, அந்த இடத்திலிருந்து உடலுக்கு நேராக ஒரு செங்கோடு கொண்டுவந்தால் குறிக்க வேண்டிய புள்ளி கிடைத்துவிடும்.

தாங்கிப் பார்ப்பது

இறக்கையின் அடியில் உடலின் இருபக்கமும் குறித்த இடத்தில் சின்னத் துண்டு டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டுங்கள். கண்ணால் பார்க்காமலே விரல் நுனிக்குத் தட்டுப்பட வேண்டும். பேட்டரி, பிராப் (புரொப்பெல்லர்), ஸ்பின்னர் (அதன் நடுவில் உள்ள கூம்பு), மூடி, சக்கரம் என எல்லாமே பறக்கும்போது இருக்கிற இடத்தில் இருக்க வேண்டும். ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். 900 கிராம் ஃபோம் விமானத்தைச் சீலிங் ஃபேன் காற்றே சாய்த்துவிடும்.

இரண்டு ஆள்காட்டி விரல்களை அந்த டேப் மேல் வைத்துத் தூக்குங்கள். மூக்கு லேசாகக் கீழே சாய்ந்து நின்றால் சரி. வால் தொங்கினால் அப்படியே பறக்க விடாதீர்கள். விரல் நடுக்கம் குழப்புகிறது என்றால், ஒரு மரக்கட்டையில் ரப்பர் வைத்த இரண்டு பென்சில்களை நிமிர்த்தி நட்டு, ரப்பர் மேல் வையுங்கள், துல்லியமாகத் தெரியும். கீழ்இறக்கை விமானத்தைத் தலைகீழாகப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் உருண்டுவிடும். எரிபொருள் எஞ்சின் என்றால் டேங்க் காலியாக இருக்கும்போது பாருங்கள்.

வால் தொங்கினால் முதலில் கை வைக்க வேண்டியது பேட்டரி மேல்தான். நம் விமானத்தில் பேட்டரி 180 கிராம். அதை 5 செ.மீ. முன்னால் தள்ளினால் 180ஐ 5ஆல் பெருக்கி 900ஆல் வகுங்கள்: சமநிலைப் புள்ளி சரியாக 1 செ.மீ. முன்னால் வரும். ஒரு கிராம் கூடக் கூடவில்லை. அதனால்தான் உடல் செய்யும்போதே பேட்டரி அறையை அந்தப் பேட்டரியின் நீளத்தைவிடக் குறைந்தது 5, 6 செ.மீ. நீளமாக விட வேண்டும் என்கிறேன். பேட்டரி இறுக்கமாகப் பொருந்துகிற அறை பார்க்க அழகு. அப்புறம் நகர்த்த இடமே இருக்காது.

அறை முன்முட்டும் வரை தள்ளியும் போதவில்லை என்றால் ரிசீவரையும் ஈஎஸ்சியையும் முன்னால் கொண்டுபோங்கள். அதுவும் போதவில்லை என்றால்தான் எடை. டயர் கடைகளில் வீல் பேலன்ஸ் செய்ய 5 கிராம், 10 கிராம் துண்டுகளாக, பின்பக்கம் ஒட்டும் பட்டையோடு வைத்திருப்பார்கள். அவிநாசி ரோட்டில் எந்தப் பெரிய டயர் கடையில் கேட்டாலும் கிடைக்கும். மோட்டார் தாங்குகிற பலகையிலேயே ஒட்டி, மேலே ஒரு சுற்று டேப் போடுங்கள். பறக்கும்போது எடை கழன்று உள்ளே உருண்டால், எடையே வைக்காமல் இருந்ததைவிட மோசம்.

பேட்டரிக்கும் அதே விதி. அடியில் வெல்க்ரோ, மேலே ஒரு பட்டை, இரண்டும் வேண்டும். கட்டிய பிறகு விமானத்தைச் செங்குத்தாகப் பிடித்து, மூக்கு மேலே இருக்கும்படி இரண்டு முறை உதறிப் பாருங்கள். பேட்டரி ஒரு செ.மீ. வழுக்கினாலும் பட்டையை மாற்றுங்கள். கைவீச்சில் ஏவியதும் விமானம் மூக்கைத் தூக்கி ஏறுகிற அந்த நொடியில்தான் பேட்டரி பின்னால் சறுக்கும்.

கடைசியாகப் பக்கவாட்டு. ஒருவர் ஸ்பின்னர் நுனியையும் நீங்கள் வாலின் அடியையும் ஒரு விரலால் தாங்குங்கள். எந்த இறக்கை தாழ்கிறதோ அதற்கு எதிர்ப்பக்க முனையில் சின்ன எடை ஒட்டிச் சரிசெய்யுங்கள்.

எவ்வளவு சக்தி வேண்டும்

இழுவையை வைத்துக் கணக்கிடலாம், வாட்டை வைத்தும் கணக்கிடலாம். புதியவருக்கு வாட் எளிது, மீட்டரில் கண்ணால் பார்க்க முடியும். ஒரு கிலோ எடைக்கு 110 வாட் என்றால் நல்ல காற்றில்லாத நாளில் பறக்கும், அவ்வளவே. பயிற்சி விமானத்துக்கு 150 முதல் 200 வாட் வசதியானது. வட்டம் போட்டு, தலைகீழாகப் பறக்கிற விமானத்துக்கு 200 முதல் 250. செங்குத்தாகத் தொங்கவிடுகிறவர்களுக்கு 330க்கு மேல். நம் 900 கிராம் விமானத்துக்கு 135 முதல் 180 வாட் போதும்.

இந்த வேலைக்கு எங்கும் கிடைப்பது 2212 அளவு, 1000 கேவி பிரஷ்லெஸ் மோட்டார். கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது, அதுவும் சுமையே இல்லாதபோது. மூன்று செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் பெயரளவு 11.1 வோல்ட், ஆகவே வெறும் மோட்டார் நிமிடத்துக்கு 11,100 சுற்று சுற்றும். பிராப் போட்டால் குறையும். கேவி கூடினால் சக்தி கூடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. கேவி குறைந்த மோட்டார் பெரிய பிராப்பை மெதுவாகச் சுற்றும், கேவி கூடியது சின்ன பிராப்பை வேகமாகச் சுற்றும். பயிற்சி விமானத்துக்குப் பெரிய பிராப், மெதுவான சுற்று. 10க்கு 4.5 அங்குல பிராப் இந்த மோட்டாருக்கும் மூன்று செல்லுக்கும் பொருந்தும். 10 என்பது விட்டம், 4.5 என்பது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்.

பிராப்பை மாற்றும்போது நிதானம் தேவை. 9 அங்குலத்திலிருந்து 10க்குப் போவது ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். அதே வேகத்தில் சுற்ற ஏறக்குறைய ஒன்றரை மடங்கு திறன் கேட்கும், ஏனென்றால் விட்டத்தின் நான்காம் அடுக்கில் சுமை ஏறுகிறது. கரண்ட் எகிறி மோட்டாரின் வைண்டிங் கருகுவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஈஎஸ்சி 30 ஆம்பியர் போடுங்கள். நம் மோட்டார் முழுத் திராட்டிலில் (வேக ஸ்டிக்கை முழுக்க ஏற்றினால்) சுமார் 15 ஆம்பியர் இழுக்கும், அதன் மேல் நிறைய இடம் இருக்கட்டும். உடலுக்குள் காற்றோட்டம் குறைவு, நம் ஊர் ஏப்ரல் வெயிலில் ஈஎஸ்சி சீக்கிரம் சூடேறும். மூக்கருகே ஒரு காற்று ஓட்டை, அதைவிடப் பெரிதாகப் பின்னால் ஒரு ஓட்டை விடுங்கள். உள்ளே போன காற்று வெளியே வர வழி இல்லை என்றால் முன் ஓட்டையால் பலன் இல்லை. ஈஎஸ்சியில் உள்ள பெக் என்கிற பகுதிதான் ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் 5 வோல்ட் கொடுக்கிறது. மூன்று செல்லும் நாலு சின்ன சர்வோவும் என்றால் அது தாங்கும். நாலு செல்லுக்குப் போனால் அதே வேலைக்குத் தனியாக ஒரு யூபெக் வாங்கிவிடுங்கள்.

பேட்டரி, மூன்று செல், 2200 எம்ஏஎச் (கொள்ளளவு, அதாவது 2.2 ஆம்பியர்-மணி), 25 சி (கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு ஆம்பியர் தரும் என்பது). 2.2ஐ 25ஆல் பெருக்கினால் 55 ஆம்பியர் வரை தரலாம் என்று அர்த்தம், நமக்கு 15 போதும். லேபிளில் அச்சிட்ட சி மதிப்பை முழுதாக நம்ப வேண்டாம், பாதியாக எண்ணிக் கணக்குப் போடுங்கள். எவ்வளவு நேரம் பறக்கும்? 2200இல் 80 சதவீதம், அதாவது 1760 மட்டும் செலவழியுங்கள். சராசரி 8 ஆம்பியர் என்றால் 13 நிமிடம். டைமரை 8 நிமிடத்துக்கு வையுங்கள். தரையிறங்க இரண்டு மூன்று முறை முயலவும் மிச்சம் இருக்கும். சக்தி போதவில்லை என்று 3300 எம்ஏஎச் பேட்டரிக்குத் தாவுகிறவர்கள் கூட 80 முதல் 100 கிராம் சுமக்கிறார்கள். நேரம் கூடும், இழுவை கூடாது, சமநிலையை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

இணைப்பது, பிராப் இல்லாமல்

இந்தப் பகுதி முழுக்க பிராப் கழற்றியே இருக்க வேண்டும். 10 அங்குல பிராப் விரலை வெட்டும், எலும்பு வரை. வீட்டில் சிறுவர்கள் கூடவே உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்கள் முன்னால் இந்தப் பழக்கம் நமக்கு இருக்க வேண்டும்.

மோட்டாரிலிருந்து வருகிற மூன்று வயர், ஈஎஸ்சியிலிருந்து வருகிற மூன்று வயர். எந்த வரிசையிலும் இணைக்கலாம். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் ஏதாவது இரண்டு வயரை மாற்றுங்கள், சரியாகிவிடும். தோட்டத்துக் கிணற்றில் மூணு பேஸ் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் எலக்ட்ரீசியன் செய்வதும் இதேதான். 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டு மின்மோட்டார் செய்த ஊர் கோவை. பம்ப்செட் மோட்டார் புரிந்தவருக்கு பிரஷ்லெஸ் மோட்டார் ஒரு மணி நேரப் பாடம்தான். ஒன்று மட்டும் எச்சரிக்கை: பேட்டரி பக்கம் சிவப்பு, கறுப்பு மாறக் கூடாது. மாறினால் ஈஎஸ்சி அந்த நொடியே போய்விடும்.

போடும்போது முதலில் டிரான்ஸ்மிட்டர், திராட்டில் அடியில், அப்புறம் பேட்டரி. எடுக்கும்போது முதலில் பேட்டரி, அப்புறம் டிரான்ஸ்மிட்டர். புது ஈஎஸ்சிக்குத் திராட்டில் எல்லையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்: திராட்டிலை முழுக்க ஏற்றி வைத்துப் பேட்டரியைப் போடுங்கள், பீப் வந்ததும் அடிக்கு இறக்குங்கள், மறுபடி பீப் வரும். முடிந்தது.

பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே ஸ்டிக்குகளை அசையுங்கள். எலிவேட்டர் ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். எய்லரான் என்பது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை. வலது எய்லரான் கொடுத்தால் வலது எய்லரான் மேலே எழ வேண்டும். டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள், மோட்டார் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃபை ரிசீவரில் அமைக்காமல் வெளியே எடுத்துப் போகாதீர்கள்.

பிராப், வாட்மீட்டர்

பிராப்பில் எண்கள் அச்சிட்ட பக்கம் விமானம் போகும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டாலும் சுற்றும், காற்றும் வரும், ஆனால் இழுவை பாதிகூட வராது. போடுவதற்கு முன் பிராப் துளைக்குள் ஒரு வழவழப்பான கம்பியை விட்டுக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். ஒரு இலை எப்போதும் கீழே இறங்கினால் அது கனம். அதன் பின்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சமன் செய்யுங்கள். முன்விளிம்பைத் தொடாதீர்கள். பிராப் சமன் இல்லாவிட்டால் அதிர்வு மோட்டார் பேரிங்கையும் சர்வோ பற்களையும் தின்னும். விழுந்த விமானத்தில் மோட்டார் தண்டு வளைந்திருந்தாலும் இதே அதிர்வு வரும். 2212 மோட்டார்களில் பெரும்பாலும் தண்டு 3.17 மி.மீ. கணபதியிலோ பீளமேட்டிலோ சின்ன லேத் பட்டறையில் சில்வர் ஸ்டீல் கம்பியில் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் நடுவில் வாட்மீட்டரை மாட்டுங்கள். ஒருவர் விமானத்தின் வால் பக்கத்தை அழுத்திப் பிடிக்கட்டும். பிராப் சுற்றும் வட்டத்தின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, உடைந்தால் துண்டு பாய்வது அந்தப் பக்கம்தான். முழுத் திராட்டில் ஐந்து நொடி. ஆம்பியரையும் வாட்டையும் குறியுங்கள். 30 ஆம்பியர் ஈஎஸ்சிக்கு 24 ஆம்பியருக்குள், 135 வாட்டுக்கு மேல் இருந்தால் நம் விமானத்துக்குச் சரி. மோட்டார் தாளில் கொடுத்த உச்ச ஆம்பியரைத் தாண்டினால் பிராப்பை ஒரு அங்குலம் குறையுங்கள். அரை நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டாரையும் ஈஎஸ்சியையும் தொட்டுப் பாருங்கள். விரல் வைத்திருக்க முடியாத சூடு என்றால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

இடமும் காற்றும்

காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கக் கொரங்காடுகளை (வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களை) போல ஆர்சி விமானத்துக்கு வாய்த்த நிலம் வேறு எங்கும் குறைவு. கொழுக்கட்டைப் புல் மெத்தை, திறந்த வானம், ஆடு மாடு மட்டும் மேயும். கிளுவை வேலியும் வெள்வேல மரமும்தான் இடைஞ்சல், இரண்டும் முள். காட்டுக்காரரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். "ஏனுங்கண்ணா, ஒரு மணி நேரம் இந்தக் காட்டுல பிளேன் ஓட்டிக்கறோமுங்க, மாடு மேயற பக்கம் வரமாட்டோமுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், அப்புறம் கூடவே நின்று பார்ப்பார்கள். சினைமாடு மிரண்டால் நஷ்டம் அவருக்கு. மாடு இருக்கிற பக்கம் தாழப் பறக்கவே வேண்டாம். கிளம்பும்போது படலைச் சாத்திவிட்டு வாருங்கள்.

பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கி.மீ. அகலத் திறப்பு. வைகாசி முடிவிலிருந்து ஆவணி வரை மேல்காற்று அதன் வழியே புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் எங்கும் வீசும். காற்றாலைகள் இங்கே நிற்பதற்குக் காரணமே அதுதான். பெரிய காற்றாலை சுற்றத் தொடங்கவே நொடிக்கு 3, 4 மீட்டர் காற்று வேண்டும், அதாவது மணிக்கு 11 முதல் 14 கி.மீ. ஆகவே கண்ணுக்கு எட்டும் காற்றாலைகள் நிற்கின்றனவா என்று பாருங்கள். நின்றால் முதல் பறப்புக்கு நல்ல நாள். எல்லாமே வேகமாகச் சுற்றினால் விமானத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு சமநிலை வேலையைப் பாருங்கள். தை முதல் சித்திரை வரை காலை ஆறரை முதல் எட்டரை வரை எனக்கு மிகப் பிடித்த நேரம்.

2021இல் வந்த ட்ரோன் விதிகள் ஆர்சி விமானத்தையும் உள்ளடக்கியவை. பொழுதுபோக்குக்காக, கண்பார்வைக்குள் பறக்கவிட வேண்டும். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா என்று பாருங்கள். பச்சையில் 400 அடி வரை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிதான். பீளமேடு விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம், சேலத்துக்குக் காமலாபுரம் என்று நம் பக்கத்தில் மூன்று இடங்கள் இருக்கின்றன. கோவையின் கிழக்குப் பக்கம் இருப்பவர்கள் வரைபடம் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

முதல் பறப்பும் திருத்தமும்

காற்றை எதிர்த்து, இறக்கை சமமாக, முக்கால் திராட்டிலுக்கு மேல் வைத்து ஏவுங்கள். மூக்கை வானத்தைப் பார்த்து எறிய வேண்டாம், அடிவானத்தைப் பார்த்து எறியுங்கள். கூட அனுபவசாலி ஒருவர் இருந்தால் முதல் சில நிமிடம் டிரான்ஸ்மிட்டர் அவர் கையில் இருக்கட்டும்.

பாதுகாப்பான உயரத்துக்குப் போனதும் பாதித் திராட்டிலில், ஸ்டிக்கைத் தொடாமலே நேராகப் பறக்கும்படி டிரிம் செய்யுங்கள். இனி வருவது பலரும் குழப்பிக்கொள்கிற இடம். திராட்டில் கூட்டினால் மட்டும் மூக்கு எழுகிறது, குறைத்தால் அமைதியாகிறது என்றால் அது சமநிலைக் கோளாறு இல்லை, மோட்டார் இழுக்கும் கோணம். மூக்கில் ஈயம் ஒட்டி இதைச் சரிசெய்ய முடியாது. மோட்டார் தாங்கியின் மேல் இரண்டு திருகுகளுக்குப் பின்னால் ஒவ்வொரு வாஷர் வையுங்கள், மோட்டார் லேசாகக் கீழே பார்க்கும். இரண்டு மூன்று டிகிரி போதும். திராட்டில் கொடுத்ததும் இடது பக்கம் இழுத்தால், பின்னாலிருந்து பார்க்கும்போது இடது பக்கத் திருகுகளுக்கு வாஷர்.

சமநிலைக்குத் தனிச் சோதனை உண்டு. நல்ல உயரத்தில், டிரிம் செய்த விமானத்தைத் திராட்டில் மூடி 45 டிகிரி கீழ்நோக்கிப் பாயவிட்டு ஸ்டிக்கை விடுங்கள். தானாகச் சட்டென்று மூக்கைத் தூக்கி நிமிர்ந்தால் எடை அதிகமாக முன்னால் இருக்கிறது. மெதுவாக நிமிர்ந்தால் புதியவருக்குப் பொருத்தம், விட்டுவிடுங்கள். இன்னும் செங்குத்தாக உள்ளே மடங்கினால் எடை பின்னால் இருக்கிறது, உடனே இழுத்து நிமிர்த்தித் தரையிறக்கிப் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். ஒரு தடவைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்த வேண்டாம்.

சரியான இடம் அமைந்ததும் பேட்டரி முன்முனை நிற்கிற இடத்தில் அறைக்குள் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் பேட்டரியின் எடையையும் எழுதுங்கள். வேறு பேட்டரி போடும்போது எடை மாறினால் கோட்டை நம்பாமல் மறுபடி தாங்கிப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பேட்டரி ஆற அரை மணி நேரம் விடுங்கள், சூடாகச் சார்ஜ் போட வேண்டாம். பேலன்ஸ் சார்ஜரில் 2.2 ஆம்பியருக்கு மேல் போகாமல், செல்லுக்கு 4.2 வோல்ட் வரை. செல் 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும் அளவு பறக்க விடாதீர்கள். அடுத்த ஞாயிறுதான் பறக்கப் போகிறீர்கள் என்றால் 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். டைல்ஸ் துண்டு மேல் வைத்து, கண் பார்வையில் சார்ஜ் செய்யுங்கள். தோட்டத்துச் சாளையில் தேங்காய் மட்டையும் வைக்கோலும் அடுக்கியிருக்கிற அறையில் வேண்டவே வேண்டாம். வெயிலில் நிறுத்திய கார் டிக்கியிலும் வைக்காதீர்கள். உப்பிப்போன பேட்டரியை மறுபடி சார்ஜ் போடாமல் மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.